ஓர் ஆண்டின் ஆட்டக் கணக்கு

முன்னுரை

வணிகர்தம் கடைகளில் ஆண்டு முடிவில் பேரேடு முடிப்பது மரபு. வரவு இன்னது, செலவு இன்னது, நிலுவை இன்னது என எழுதிக் கோடிட்ட பின்னரே புதுக்கணக்குத் தொடங்குவர். விளையாட்டு உலகத்திற்கும் இத்தகைய பேரேடு ஒன்று உண்டு. ஆனால் அதில் வென்றவர் பெயரும் அவர் எடுத்த எண்ணிக்கையுமே இடம்பெறுகின்றன. அந்த ஆட்டத்தைக் கொண்டு வாழ முடிந்தவர் யாவர், வாழ முடியாமல் விலகியவர் யாவர் என்னும் கணக்கு எழுதப்படுவதே இல்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் இடங்களை நான்காக வகுத்தார். அவற்றுள் செல்வம் ஒன்று, விளையாட்டு மற்றொன்று. இரண்டும் மகிழ்ச்சி தருவன என்றாலும், இரண்டையும் தனித்தனியே எண்ணியது அவர்தம் நுண்மையைக் காட்டும். பழந்தமிழர் வேறாக வைத்த இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்த ஏற்பாடே இக்காலத்துத் தொழில்முறை விளையாட்டு. ஆடுவதே தொழில், ஆட்டத்தின் பயனே ஊதியம். இப்பிணைப்பு நன்மையும் தந்துள்ளது, இடரும் தந்துள்ளது.

2024ஆம் ஆண்டில் சென்னையிலும் உலகிலும் நிகழ்ந்த குறிப்பிடத்தக்க சில விளையாட்டு நிகழ்ச்சிகளைத் திறன், வாழ்வு, நேர்மை என்னும் மூன்று அளவுகோல்கொண்டு நோக்க இக்கட்டுரை முற்படுகிறது. நாம் அன்றாடம் கடந்துசெல்லும் சேப்பாக்கமும் நுங்கம்பாக்கமும் கோட்டூர்புரமும் இதற்குக் களங்களாக அமைகின்றன.

சேப்பாக்கம்: 92 ஆண்டுக் கணக்கு நேரான நாள்

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனையை அடுத்து, அவர் பெயரால் வழங்கும் வாலாஜா சாலையின் அருகே அமைந்துள்ளது நம் நகரத்துக் கிரிக்கெட் திடல். இந்தியா 1932இல் டெஸ்ட் ஆட்டத்தில் அடியெடுத்து வைத்தது. 24 ஆட்டங்கள் வெற்றியின்றிக் கழிந்தன. 1952 பிப்ரவரியில் 25ஆம் ஆட்டத்தில் இங்கிலாந்தை இன்னிங்ஸ் வேறுபாட்டில் வென்று முதல் வெற்றியைப் பெற்றது இச்சேப்பாக்கத்திலேதான். வினூ மன்கட் அவ்வாட்டத்தில் 12 விக்கெட்டுகளைச் சாய்த்தார். இரண்டாம் இன்னிங்ஸில் ஐதராபாத்தைச் சேர்ந்த குலாம் அகமது 4 விக்கெட்டுகளை வீழ்த்தி அவருக்குத் துணைநின்றார்.

அன்றுமுதல் வெற்றியும் தோல்வியுமாகத் தொடர்ந்த கணக்கு, 2024 செப்டம்பர் தொடக்கத்தில் 178 வெற்றி, 178 தோல்வி எனச் சமநிலையில் நின்றது. செப்டம்பர் 19 முதல் 22 வரை சேப்பாக்கத்தில் வங்கதேசத்தை எதிர்த்து நடைபெற்ற டெஸ்டில் இந்தியா 280 ஓட்டங்களில் வென்றது. அதன்வழி இந்தியாவின் டெஸ்ட் வரலாற்றில் வெற்றிகளின் தொகை முதன்முறையாகத் தோல்விகளின் தொகையைக் கடந்தது. முதல் வெற்றி எழுதப்பட்ட அதே திடலில், 72 ஆண்டுகளுக்குப் பின் கணக்கு நேராயிற்று.

அவ்வெற்றிக்கு முதற்காரணமாக நின்றவர் மேற்கு மாம்பலத்துத் தெருக்களில் பந்தாடி வளர்ந்து, சாந்தோம் புனித பீட்சு பள்ளியில் பயின்ற இரவிச்சந்திரன் அசுவின். இந்தியா 6 விக்கெட் இழப்பிற்கு 144 ஓட்டங்கள் எடுத்துத் தடுமாறிய வேளையில் அவர் ஜடேஜாவுடன் இணைந்து 199 ஓட்டங்கள் சேர்த்தார். தாம் 113 எடுத்தார். முதல் இன்னிங்ஸில் விக்கெட் ஏதும் பெறாத அவர் இரண்டாம் இன்னிங்ஸில் 88 ஓட்டங்கள் கொடுத்து 6 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். அவ்வாண்டு பிப்ரவரியில் ராஜ்கோட்டில் 500ஆவது விக்கெட்டை எடுத்த அன்றிரவே, தாயார் நோயுற்ற செய்தி கேட்டுச் சென்னைக்குப் புறப்பட்டுச் சென்று, நான்காம் நாள் அணிக்குத் திரும்பி வந்து பந்து வீசியவர் அவர். மார்ச்சில் தரம்சாலாவில் தமது 100ஆவது டெஸ்டை ஆடினார். டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேனில், 106 டெஸ்டுகளில் 537 விக்கெட்டுகள் என்னும் கணக்கோடு பன்னாட்டு ஆட்டத்தினின்று விடைபெற்றார். ஒருவர்தம் தொழில் வாழ்வின் உச்சங்கள் பலவும் நிறைவும் ஒரே ஆண்டில் அமைந்தமை அரிது.

இத்திடலில் அவ்வாண்டு நிகழ்ந்த மற்றொரு செய்தி அந்த அளவிற்குப் பேசப்படவில்லை. சூன் 28 முதல் சூலை 1 வரை இந்திய மகளிர் அணி தென்னாப்பிரிக்க மகளிர் அணியுடன் இங்கு டெஸ்ட் ஆடியது. சபாலி வர்மா 205 ஓட்டங்களும் இசுமிருதி மந்தனா 149 ஓட்டங்களும் எடுத்தனர். தொடக்க இணை மட்டும் 292 ஓட்டங்கள் சேர்த்தது. இந்தியா 6 விக்கெட் இழப்பிற்கு 603 ஓட்டங்கள் எடுத்து ஆட்டத்தை முடித்துக்கொண்டது. மகளிர் டெஸ்ட் வரலாற்றில் ஓர் அணி எடுத்த மிகப் பெரிய தொகை இதுவே. சினே ராணா ஒரே இன்னிங்ஸில் 77 ஓட்டங்கள் கொடுத்து 8 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்தியா 10 விக்கெட்டில் வென்றது. ஆடவர்க்கும் மகளிர்க்கும் ஒரு டெஸ்டிற்கு ஒரே அளவாக 15 இலட்சம் ரூபாய் ஊதியம் என்னும் முடிவு 2022 அக்டோபரில் எடுக்கப்பட்டதையும் ஈண்டு நினைதல் தகும். ஊதியம் ஒன்றாயினும் வாய்ப்பு ஒன்றாகவில்லை. ஆடவர் அணி ஓர் ஆண்டில் பத்துக்கும் மேற்பட்ட டெஸ்டுகள் ஆடுவதுண்டு. மகளிர் அணிக்கு ஒன்றிரண்டு கிடைப்பதே பெரிது.

சதுரங்கம்: கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்ற சிறுவன்

2013 நவம்பரில் அண்ணா சாலையில் தேனாம்பேட்டை விடுதியொன்றில் உலகச் சதுரங்கப் பட்டப்போட்டி நடைபெற்றது. கண்ணாடிச் சுவருக்குள் விசுவநாதன் ஆனந்தும் நார்வே நாட்டு மாக்னசு கார்ல்சனும் அமர்ந்து ஆடினர். ஆனந்த் தம் சொந்த நகரில் பட்டத்தை இழந்தார். அன்று பார்வையாளர் பகுதியிலிருந்து அக்கண்ணாடி அறையை நோக்கிக்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவன் குகேசு. ஒருநாள் அதனுள் தாமும் அமரவேண்டும் என்று அன்று எண்ணியதாக அவரே பின்னாளில் கூறினார்.

அவ்வெண்ணம் நிறைவேறியது 2024இல். அதற்கான வாயிலும் தென்சென்னையிலேயே திறந்தது. 2023 டிசம்பரில் சாந்தோமை அடுத்த எம்.ஆர்.சி. நகரில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ‘சென்னை கிராண்ட் மாசுட்டர்சு’ போட்டியை நடத்தியது. அதில் குகேசு பெற்ற வெற்றியே அவருக்குத் தகுதிப் போட்டியில் இடம் வாங்கித் தந்தது. 2024 ஏப்ரலில் டொராண்டோ நகரில் 14 சுற்றுகளில் 9 புள்ளிகள் பெற்று, 17 வயதில் அத்தகுதிப் போட்டியை வென்றார். செப்டம்பரில் புடாபெசுட்டு நகரில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் இந்திய ஆடவர் அணியும் மகளிர் அணியும் தங்கம் வென்றன. சென்னையைச் சேர்ந்த உடன்பிறப்புகளாகிய வைசாலியும் பிரக்ஞானந்தாவும் அவ்வணிகளில் இடம்பெற்றிருந்தனர். முதற்பலகையில் ஆடிய குகேசு 10 ஆட்டங்களில் 9 புள்ளிகள் எடுத்தார். 2022இல் நம் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடில் இறுதிக்கு முந்திய சுற்றில், வெல்லத்தக்க நிலையில் இருந்து அவர் தோற்றதனால் தங்கம் நழுவியதை அறிந்தவர்க்கு இவ்வெற்றியின் அருமை விளங்கும்.

டிசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் 14ஆவதும் இறுதியுமான ஆட்டத்தில் சீனத்தின் திங் இலிரனை வென்று, 7.5க்கு 6.5 என்னும் கணக்கில் குகேசு உலக வாகையர் ஆனார். அப்போது அவருக்கு வயது 18. அதற்குமுன் மிக இளம் வாகையராக விளங்கிய காசுபரோவ் 1985இல் பட்டம் வென்றபோது அகவை 22. எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டதும் குகேசு கண்ணீர் உகுத்தார். பின்னர்க் காய்களை ஒவ்வொன்றாகப் பலகையில் அவற்றின் இடங்களில் அடுக்கி வைத்துவிட்டே எழுந்தார். செய்தியாளர்முன் முதலில் திங் இலிரனின் போர்க்குணத்தைப் பாராட்டினார். அவரவர் துறையில் அவரவர் மேம்படுதலை வாகை என வகுத்த தமிழிலக்கணம், போர்க்களத்து வெற்றிக்கு மட்டும் அப்பெயரைத் தரவில்லை. அந்த வாகையின் பண்பைச் சிங்கப்பூரில் காய்களை அடுக்கிய அக்கைகளில் காணலாம்.

இவ்வெற்றியின் மறுபக்கத்தையும் மாணாக்கர் அறிதல் வேண்டும். காது, மூக்கு, தொண்டை அறுவை மருத்துவராகிய குகேசின் தந்தையார் தம் தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டு மகனுடன் நாடு நாடாகச் சென்றார். நுண்ணுயிரியல் வல்லுநராகிய தாயாரின் ஊதியத்தில் குடும்பம் நடந்தது. ஆதரவாளர் கிடைக்காத காலத்தில் நண்பர்களின் உதவியும் தேவைப்பட்டது. இரண்டு கற்றோர் ஈட்டிய குடும்பத்திற்கே இந்நிலை எனின், நாள்கூலி ஈட்டும் குடும்பத்தில் பிறந்த திறனாளியின் நிலை என்ன?

நுங்கம்பாக்கம்: 80,000 ரூபாயும் ஒரு கோப்பையும்

அவ்வினாவின் விடையை டென்னிசு ஆட்டத்தில் காணலாம். இராமநாதன் கிருஷ்ணனும் அவர் மகன் இரமேசு கிருஷ்ணனும் புகழ்சேர்த்த நகரம் இது. 1997 முதல் 2017 வரை உலக வீரர் வந்து ஆடிய சென்னை ஓப்பன் போட்டி நுங்கம்பாக்கம் திடலில் நடைபெற்றது. 2018இல் அது புனேவிற்கு இடம்பெயர்ந்தது. அதற்கு அடுத்த படிநிலையில் உள்ள சேலஞ்சர் போட்டி 2024 பிப்ரவரியில் இத்திடலில் நிகழ்ந்தது. அரியானாவைச் சேர்ந்த சுமித் நாகல் அதனை வென்று, உலகத் தரவரிசையில் முதல் 100 பேருள் ஒருவரானார். ஒற்றையர் பிரிவில் 2019இல் சென்னையைச் சேர்ந்த பிரஜ்னேசு குணேசுவரன் அடைந்த அந்நிலையை அதன்பின் அடைந்த முதல் இந்தியர் இவரே.

ஐந்து திங்களுக்கு முன்னர், 2023 செப்டம்பரில், இதே நாகல் தம் வங்கிக் கணக்கில் இருப்பது ஏறத்தாழ 80,000 ரூபாய் எனச் செய்தியாளரிடம் கூறியிருந்தார். ஒரு பயிற்சியாளருடன் ஆண்டு முழுவதும் பயணம் செய்து ஆட 80 இலட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை செலவாகும் என்றும் அவர் கணக்குக் காட்டினார். நாட்டின் முதல் ஒற்றையர் வீரருக்கே இது நிலை. ஊதியம் உறுதிப்பட்ட பணியாளரைப் போன்றவர் அல்லர் டென்னிசு வீரர். முதலீட்டைத் தாமே தேடி, இழப்பைத் தாமே சுமக்கும் சிறு வணிகரை ஒப்பர். முதற்சுற்றில் தோற்றால் பயணச் செலவும் மீளாது. தொழில்முறை விளையாட்டு என்றதும் கோடிகளே கண்முன் தோன்றுகின்றன. 2024 நவம்பரில் ஜித்தா நகரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் ரிசப் பந்து 27 கோடி ரூபாய்க்கும், அசுவின் 9.75 கோடி ரூபாய்க்கும் எடுக்கப்பட்டனர் என்பது உண்மையே. ஆயின் அது ஓர் ஆட்டத்தின் உச்சியில் நிற்கும் சிலர்தம் கணக்கு. கூம்பின் முனையைக் கொண்டு அதன் அடித்தளத்தை அளத்தல் ஆகாது.

கேரம்: ஆட்டோ ஓட்டுநரின் மகள்

2024 நவம்பரில் அமெரிக்காவின் சான்பிரான்சிசுகோ நகரில் நடைபெற்ற கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் சென்னைப் பெண் காசிமா ஒற்றையர், இரட்டையர், குழு ஆகிய மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்றார். அப்போது அவர் 17 வயது நிரம்பியவர். புதுவண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டும் மெகபூப் பாட்சாவின் மகள். அவ்வாண்டின் இறுதி நாளன்று தமிழ்நாடு அரசு அவருக்கு 1 கோடி ரூபாயும், அவருடன் சென்று வென்ற மித்ரா, நாகஜோதி ஆகியோர்க்குத் தலா 50 இலட்சம் ரூபாயும் வழங்கிச் சிறப்பித்தது. அதற்குச் சில திங்கள் முன்னர்ப் பாரிசு பாராலிம்பிக்கில் பதக்கம் பெற்ற துளசிமதி, மனிசா, நித்யசிறீ, மாரியப்பன் ஆகிய நால்வர்க்கும் அரசு பரிசளித்தது.

கேரம் சென்னைக்குப் புதிதன்று. 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலக வாகை சூடிய மரிய இருதயம் நம் நகரத்தவர். 1996இல் அர்ச்சுனா விருது பெற்றவர். வியாசர்பாடி இளவழகி 2008இல் உலகப் பட்டம் வென்றவர். தெருமுனை மன்றங்களில், ஒற்றை விளக்கின்கீழ், போரிக் மாவு தூவிய பலகையைச் சுற்றி வளர்ந்த கலை இது. ஆயினும் கேரம் ஆட்டத்திற்குக் கிரிக்கெட்டில் உள்ளவாறு ஏலமோ ஆண்டு ஒப்பந்தமோ இல்லை. பொதுத்துறை நிறுவனங்கள் விளையாட்டு வீரர்க்கு வழங்கும் வேலையே அவ்வாட்டக்காரரின் ஊதியமாக நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. பரிசு என்பது வென்ற பின்னர் வருவது. வெல்லும்வரை உண்ணவும், பயணம் செய்யவும், பயிலவும் வேண்டிய பொருளை யார் தருவது? நம் கணக்கேட்டில் விடப்பட்ட பக்கம் இதுவே.

கடல்கடந்த பேரேடுகள்: இரண்டு திருத்தங்கள்

அவ்வாறு விடப்பட்ட பக்கங்களைப் பிற்காலத்தார் திருத்தி எழுதிய நிகழ்ச்சிகள் இரண்டு அதே 2024இல் வெளிநாட்டில் நிகழ்ந்தன.

முதலாவது, பேஸ்பால் ஆட்டத்தில் நிகழ்ந்தது. கிரிக்கெட்டைப் போன்றே மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்பெறும் அமெரிக்க நாட்டு ஆட்டம் இது. அதன் முதன்மைக் கழகங்களில் கறுப்பின வீரர்க்கு நெடுங்காலம் இடமில்லை. ஆகவே அவர்கள் தனிக் கழகங்கள் அமைத்து ஆடினர். 1947 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் அத்தடையை உடைத்தார். தம் காலத்தில் நிகரற்ற மட்டையாளர் எனப் போற்றப்பட்ட ஜோசு கிப்சன் அதற்கு மூன்று திங்கள் முன்னரே, அவ்வாண்டு ஜனவரியில், 35 வயதில் மறைந்தார். 77 ஆண்டுகள் கழிந்தன. 2024 மே மாதத்தில் 1920 முதல் 1948 வரையிலான கறுப்பினக் கழகங்களின் கணக்குகள், 2,300க்கும் மேற்பட்ட வீரர்தம் ஆட்டக் குறிப்புகளுடன், முதன்மைக் கழகப் பேரேட்டில் சேர்க்கப்பட்டன. அன்றே வாழ்நாள் மட்டைச் சராசரியில் கிப்சன் முதலிடம் பெற்றார். அவரது சராசரி 0.372, அதாவது அவர் மட்டை பிடித்த 1,000 முறைகளுள் 372 முறை வெற்றியடி அடித்தார் என்பது பொருள். அதுவரை முதலிடத்தில் இருந்தவர் 0.367 என்னும் சராசரி கொண்ட டை காபு.

இரண்டாவது, நம் துணைக்கண்டத்தைச் சார்ந்தது. பஞ்சாபில் பிறந்த மீர் சுல்தான் கான், உமர் ஹயாத் கான் என்னும் நிலக்கிழாரின் ஆதரவில் 1929இல் இலண்டன் சென்றார். அவ்வாண்டே பிரித்தானியச் சதுரங்க வாகை சூடினார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார். ஏசுடிங்சு நகரில் முன்னாள் உலக வாகையர் கபபிளாங்காவைத் தோற்கடித்தார். 1933இன் இறுதியில் புரவலர் நாடு திரும்ப, இவரும் திரும்பினார். உலக அரங்கில் அவரது ஆட்டம் அத்துடன் முடிந்தது. 1950இல் கிராண்ட் மாசுட்டர் பட்டம் முதன்முதலாக 27 பேருக்கு வழங்கப்பட்டபோது இவர் பெயர் அதில் இல்லை. 1966இல் மறைந்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 2024 பிப்ரவரியில் அவருக்கு மதிப்புறு கிராண்ட் மாசுட்டர் பட்டம் அளித்தது. சதுரங்கம் இந்தியாவினின்று பாரசீகம் சென்று, அரபு அறிஞரால் ‘சத்ரஞ்ச்’ என்னும் பெயரில் நூல்வடிவம் பெற்று, பின்னர் ஐரோப்பாவை அடைந்த வரலாறு கற்றோர் அறிந்தது. அவ்வழியே தாமும் சென்று வென்று திரும்பிய ஒருவருக்கு உரிய பெயர் கிடைக்க 90 ஆண்டுகள் ஆயின.

இவ்விரு திருத்தங்களும் போற்றத்தக்கன. எனினும் கிப்சனும் சுல்தான் கானும் அவற்றைக் காண இல்லை. இறந்தபின் எழுதும் வரவு, இருந்தபோது பட்ட பசியைத் தீர்க்காது.

நேர்மை: மூன்றாம் அளவுகோல்

பொருள் பெருகும் இடத்தில் சூதும் நுழைதல் இயல்பு. அவ்வாண்டு பேஸ்பால் உலகின் ஒப்பற்ற வீரர் சப்பான் நாட்டு சோகெய் ஓதானி. பத்தாண்டிற்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றவர். சேப்பாக்கத்தில் அசுவின் நூறடித்த அதே செப்டம்பர் 19ஆம் நாள், மயாமி நகரில் அவர் ஒரே பருவத்தில் 50 ஓம் ரன்களும் 50 தளக் கவர்தல்களும் கண்ட முதல் வீரரானார். அவர்தம் அணி அக்டோபரில் உலகத் தொடரையும் வென்றது. அத்தகையவரின் மொழிபெயர்ப்பாளரே சூதாட்டக் கடனுக்காக அவர் கணக்கிலிருந்து ஏறத்தாழ 1.7 கோடி டாலரைக் களவாடியது அவ்வாண்டு மார்ச்சில் வெளிப்பட்டது. சூன் மாதம் துகுபீதா மர்கானோ என்னும் இளம் வீரர், பேஸ்பால் ஆட்டங்கள்மீதே பந்தயம் கட்டியமைக்காக வாழ்நாள் தடை பெற்றார்.

இவற்றை அயலார் குறையென ஒதுக்குதல் நமக்குத் தகாது. பந்தயக் குற்றச்சாட்டின் விளைவாக 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் சென்னை அணியே ஐ.பி.எல். போட்டியினின்று விலக்கி வைக்கப்பட்டதை நாம் மறந்திலம். சூதிற்கெனத் தனி அதிகாரம் வகுத்து விலக்கியது திருக்குறள். அதனை முற்றாகத் தடுத்தது இஸ்லாமிய நெறி. கைப்பேசியில் விளம்பரமாக வந்து மாணாக்கரை அழைக்கும் பந்தய ஆட்டங்கள் அந்தப் பழஞ்சூதின் புதுவடிவமே.

நேர்மைக்குச் சேப்பாக்கமே தந்த சான்றும் உண்டு. 1997 மே மாதம் பாகிசுதானின் சயீத் அன்வர் இங்கு 194 ஓட்டங்கள் எடுத்தபோதும், 1999 ஜனவரியில் பாகிசுதான் 12 ஓட்டங்களில் இந்தியாவை வென்றபோதும் இந்நகரத்தார் எழுந்துநின்று கைதட்டினர். ஊதியம் பெறாத பார்வையாளர் அன்று ஆட்டத்தின் அறத்தைக் காத்தனர்.

முடிவுரை

இக்கட்டுரையாளரிடம் பயின்ற மாணவர் ஒருவர் கேரம் பலகையில் கைதேர்ந்தவர். கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருந்தோம். போட்டி தீபாவளியை ஒட்டி அமைந்தது. தியாகராய நகர் ரங்கநாதன் தெருத் துணிக்கடையொன்றில் பண்டிகைக் கால வேலைக்கு அவர் சேர்ந்திருந்தார். ‘ஐயா, பதினைந்து நாள் கூலி, தங்கையின் கட்டணம் அதில்தான்’ என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். அவரை வற்புறுத்த மனம் வரவில்லை. அவ்வாண்டு அவர் ஆடவில்லை. அடுத்த ஆண்டும் ஆடவில்லை. அவர் பெயர் எந்தப் பேரேட்டிலும் இல்லை. அவருக்கு அன்று தேவைப்பட்டது 1 கோடி ரூபாய் அன்று. பதினைந்து நாள் கூலி.

ஆதலின் இவ்வாய்வின் வழி மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, வென்றவரைப் பாராட்டும் பரிசினும், வெல்லுமுன் தாங்கும் உதவித்தொகை பயன்மிகுந்தது. ஊர்ப் பெரியோரும் அறக்கட்டளையினரும் கல்விக்கு உதவுவதுபோல் திறனுடைய ஆட்டக்காரரின் பயணத்திற்கும் உணவிற்கும் உதவ முன்வரலாம். இரண்டு, மாணாக்கர் விளையாட்டை வாழ்வாகக் கொள்ள விழையின், அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு உள்ள 3 விழுக்காட்டு ஒதுக்கீடு முதலியவற்றை அறிந்து, படிப்பையும் கைவிடாது செல்லுதல் வேண்டும். பயிற்சி, நடுவர் பணி, உடற்கல்வி, விளையாட்டு எழுத்து எனத் துணைத்தொழில்கள் பலவும் உள. மூன்று, ஒவ்வொரு கல்லூரியும் தன் ஆட்டக்காரர் பேரேட்டில் வென்றவரோடு விலகியவர் பெயரையும், விலகிய காரணத்தையும் எழுதிவைத்தல் நன்று. காரணம் தெரிந்தாலன்றி மருந்து தெரியாது.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் 2024 நவம்பரில் மீண்டும் ‘சென்னை கிராண்ட் மாசுட்டர்சு’ நடைபெற்றது. மதுரையில் பிறந்த அரவிந்த் சிதம்பரம் வென்றார். நூல்கள் அடுக்கிய மாளிகையில் பலகைகளும் அடுக்கப்பட்டன. 2013இல் கண்ணாடிக்கு வெளியே நின்ற சிறுவனைப் போன்று, வேறு எந்தச் சிறுவனோ சிறுமியோ அன்று அங்கே நின்று பார்த்திருக்கக்கூடும். அக்குழந்தையின் தந்தை மருத்துவராகவும் இருக்கலாம். ஆட்டோ ஓட்டுநராகவும் இருக்கலாம். இரண்டிலும் கணக்கு ஒன்றாகவே முடியுமாறு செய்வது நம் கையில் உள்ளது. கிப்சனுக்கு 77 ஆண்டுகள், சுல்தான் கானுக்கு 90 ஆண்டுகள் என்று காலந்தாழ்த்தி எழுதிய கணக்கை, நம் பிள்ளைகளுக்கு உரிய காலத்திலேயே எழுதுவோமாக.